ஜூரி கடிதம் வந்திருக்கிறது, குடியுரிமை வரவில்லை: என்ன செய்வது?

அமெரிக்காவில் கிரீன் கார்டில் வசிக்கும் வாசகர்கள் பலர் ஒரே கேள்வியை எழுதிக் கேட்கிறார்கள். நீதிமன்றத்திலிருந்து உறை வந்திருக்கிறது, உள்ளே ஜூரிக்கான கேள்வித்தாள். மத்திய நீதிமன்றமாக இருந்தால் 10 நாளுக்குள் நிரப்பி அனுப்ப வேண்டும். ‘நான் குடிமகனே இல்லையே, கிழித்துப் போட்டுவிடலாமா?’ என்கிறார் ஒருவர். ‘அனுப்பியது அரசாங்கம். அப்படியானால் எனக்குத் தகுதி இருக்கிறது என்றுதானே பொருள்?’ என்கிறார் இன்னொருவர். இந்த இரண்டாவது கடிதம்தான் கவலையைத் தருகிறது.

கெடு நெருங்குவதால் பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். கிழிக்காதீர்கள். ‘அமெரிக்கக் குடிமகனா?’ என்ற இடத்தில் ‘இல்லை’ என்று குறித்துக் கையெழுத்திட்டு, ஒரு நகல் எடுத்து வைத்துக்கொண்டு, கெடுவுக்குள் திருப்பி அனுப்புங்கள். பதிலே அனுப்பாதவரை நீதிமன்றம் நேரில் வரவழைக்கலாம். காரணமின்றித் தட்டிக்கழித்தால் மத்திய சட்டப்படி 1,000 டாலர் வரை அபராதமும் 3 நாள் வரை சிறையும் விதிக்க இடமுண்டு. ஆனால் தவறிக்கூட ‘ஆம்’ என்று குறித்துவிடாதீர்கள். குடிமகன் என்று பொய்யாகச் சொல்லிக்கொள்வது 1996-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நாடுகடத்தலுக்கே காரணமாகலாம். விதிவிலக்கு மிகச் சிலருக்குத்தான். பின்னால் குடியுரிமைக்காக நீங்கள் நிரப்பப்போகும் என்-400 படிவமும் இதை நேரடியாகவே கேட்கும்.

அப்படியானால் தகுதியில்லாதவருக்கு ஏன் கடிதம் வருகிறது? ‘தற்செயலாகத் தேர்ந்தெடுக்கப்பட்டீர்கள்’ என்று நீதிமன்றம் சொல்வது உண்மைதான். ஆனால் எதிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டீர்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ஊர் முக்கியஸ்தர்கள் தங்களுக்குத் தெரிந்தவர்களை ஜூரிக்குப் பரிந்துரைக்கும் வழக்கம் மத்திய நீதிமன்றங்களில் 1968-ஆம் ஆண்டுச் சட்டத்தோடு முடிந்து, வாக்காளர் பட்டியல் அடிப்படையானது. அந்தப் பட்டியல் மட்டும் இருந்தால் ஏழைகளும் அடிக்கடி வீடு மாறுகிறவர்களும் விடுபட்டுப்போகிறார்கள் என்பதால், பல மாநிலங்கள் ஓட்டுநர் உரிமப் பட்டியலையும் சேர்த்தன. கலிஃபோர்னியா 2022-இலிருந்து மாநில வருமான வரி செலுத்துவோர் பட்டியலையும் சேர்த்துக்கொண்டது. உரிமமும் வரியும் குடியுரிமை உள்ளவர்களுக்கு மட்டும் உரியவை அல்ல. ஆக, வரி கட்டுகிறவர் என்பதற்காகவே ஒருவரை ஜூரிக்கு அழைக்கிறார்கள், குடியுரிமை இல்லை என்பதற்காக அவரையே திருப்பி அனுப்புகிறார்கள். சமூகத்தின் உண்மையான உருவம் ஜூரியில் தெரிய வேண்டும் என்று நல்ல நோக்கத்தோடு வலையை அகலமாக விரித்த அரசு, அதில் வந்த முகங்களில் ஒரு பகுதியைத் தானே விலக்குகிறது.

இதோடு முடிந்தால் பரவாயில்லை. நீங்கள் ‘இல்லை’ என்று குறித்த அந்தக் கட்டம் சில மாநிலங்களில் நீதிமன்றத்தோடு நிற்பதில்லை. டெக்சாஸில், குடிமகன் அல்ல என்ற காரணத்தால் ஜூரியிலிருந்து விலக்கப்பட்டவர்களின் பெயர்களை நீதிமன்ற எழுத்தர் மாதந்தோறும் வாக்காளர் பதிவு அலுவலருக்கும் மாநிலச் செயலருக்கும் அனுப்ப வேண்டும் என்பது சட்டம். அதே பெயர் வாக்காளர் பட்டியலில் இருந்தால் பதிவு அலுவலர் ஒரு நோட்டீஸ் அனுப்புவார். 30 நாளுக்குள் குடியுரிமைச் சான்று காட்டாவிட்டால் பெயர் நீக்கப்படும்.

காகிதத்தில் பார்த்தால் கெட்டிக்காரத்தனமான ஏற்பாடு. ஆனால் நடைமுறையில் யார் மாட்டிக்கொள்கிறார்கள்? மார்ச் மாதம் ‘இல்லை’ என்று உண்மையைக் குறித்த ஒருவர், அதே மாதக் கடைசியில் குடியுரிமை உறுதிமொழி எடுத்து வாக்காளராகவும் பதிந்துகொள்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏப்ரல் தொடக்கத்தில் போகும் பட்டியல் அவரைக் குடிமகன் அல்லாதவர் என்கிறது, வாக்காளர் பட்டியலிலும் அவர் பெயர் ஏறுகிறது. இரண்டு இடத்திலும் அவர் சொன்னது உண்மை. ஆனாலும் சந்தேகத்துக்கு உள்ளாகிறார். பிறவிக் குடிமக்களும் தப்புவதில்லை. ஜூரிப் பணியைத் தவிர்க்க ‘இல்லை’ என்று பொய்யாகக் குறிக்கிறவர்களும், அவசரத்தில் தவறான கட்டத்தைத் தொட்டுவிடுகிறவர்களும் உண்டு. நோட்டீஸ் பழைய முகவரிக்குப் போய்விட்டால், பெயர் நீக்கப்பட்டது தேர்தல் நாளன்றுதான் தெரியவரும்.

இப்படி நீக்கப்படுகிறவர்களை அதிகாரிகள் என்ன பெயரிட்டு அறிவிக்கிறார்கள் என்பதைக் கவனித்துப் படிக்க வேண்டும். 2019 ஜனவரியில் டெக்சாஸ் மாநிலச் செயலர் அலுவலகம், வாக்காளர் பட்டியலில் சுமார் 95,000 பேர் குடிமக்கள் அல்லாதவர்களாக இருக்கலாம் என்று அறிவித்தது. அது ஓட்டுநர் உரிமப் பதிவுகளை வைத்துச் செய்த கணக்கு. உரிமம் வாங்கும்போது கிரீன் கார்டில் இருந்து, பிறகு முறைப்படி குடியுரிமை பெற்றவர்களும் அதில் இருந்தார்கள். சில நாட்களிலேயே சுமார் 25,000 பெயர்களைத் தவறாகச் சேர்த்தது தெரியவந்தது. வழக்குகள் தொடர, ஏப்ரலில் மாநிலம் அந்த அறிவிப்பையே விலக்கிக்கொண்டது. 2024 ஆகஸ்டில் அதே மாநிலத்தின் ஆளுநர் கிரெக் ஆபட், 6,500-க்கும் மேற்பட்டோர் குடிமக்களாக இல்லாதிருக்கலாம் என்பதால் நீக்கப்பட்டதாக அறிவித்தார். செய்தியாளர்கள் தேடிப் பார்த்தபோது, நோட்டீஸுக்குப் பதில் சொல்லாததால் நீக்கப்பட்ட அமெரிக்கக் குடிமக்களும் அந்தக் கணக்கில் இருந்தது வெளிப்பட்டது. பதில் வராததையும் குடியுரிமை இல்லாததையும் அரசு ஒன்றாகவே எண்ணிவிட்டது.

இனி, வாசகர்கள் கேட்காமலே தொக்கி நிற்கும் கேள்விக்கு வருகிறேன். சட்டப்படி குடியேறி, ஆண்டுக்கணக்காக அந்த ஊரிலேயே வாழ்கிறவரை ஜூரியில் ஏன் சேர்க்கக் கூடாது?

2013-இல் கலிஃபோர்னியா இதற்கு மிக அருகே வந்தது. இந்தியர்கள் நிறைய வாழும் ஃப்ரீமாண்ட் நகரின் சட்டமன்ற உறுப்பினர் பாப் வியகாவ்ஸ்கி, கிரீன் கார்டு வைத்திருக்கும் நிரந்தரவாசிகளை ஜூரியில் அனுமதிக்கும் மசோதாவைக் கொண்டுவந்தார். இரு அவைகளிலும் அது நிறைவேறியது. அப்போது அந்த மாநிலத்தில் கிரீன் கார்டு வைத்திருந்தவர்கள் சுமார் 34 லட்சம் பேர். அக்டோபர் 7-ஆம் தேதி ஆளுநர் ஜெர்ரி பிரவுன் கையெழுத்திட மறுத்தார். வாக்களிப்பதைப் போலவே ஜூரிப் பணியும் குடிமகனுக்கே உரிய உரிமை, பொறுப்பு என்பது அவர் சொன்ன காரணம். இதே பிரவுன்தான் இரண்டு நாள் முன்பு, குடியேற்ற ஆவணம் இல்லாதவர்களும் வழக்கறிஞராக வழி திறக்கும் சட்டத்தில் கையெழுத்திட்டவர். நிரந்தரவாசிகள் வாக்குச்சாவடி ஊழியராகலாம் என்ற சட்டமும் அதே ஆண்டு அவர் கையெழுத்தில் வந்ததுதான். நீதிமன்றத்தில் நின்று வாதாடலாம், வாக்குச்சாவடியில் உட்கார்ந்து பெயர் சரிபார்க்கலாம், சாட்சி சொல்பவர் உண்மை பேசுகிறாரா என்று எடைபோட மட்டும் தகுதியில்லை என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

‘குடிமகனுக்கே உரியது’ என்ற வாதத்துக்கு வரலாறும் துணை நிற்கவில்லை. 1354-ஆம் ஆண்டின் ஓர் ஆங்கிலச் சட்டப்படி, வழக்கில் ஒரு தரப்பு அந்நியராக இருந்தால் ஜூரியில் பாதிப் பேர் அந்நியராக இருக்க வேண்டும் என்று கோரலாம். 1870 வரை அது சட்டமாகவே இருந்தது. அமெரிக்காவிலேயே, குடிமகனாகப் போகிறேன் என்று அறிவித்த அந்நியர்கள் 19-ஆம் நூற்றாண்டில் பல மாநிலங்களில் வாக்களித்தார்கள். அந்த வழக்கம் கடைசியாக 1926-இல் அர்கன்சாஸில் முடிந்தது.

இன்றைக்கும் உயிரோடு இருக்கும் சான்று பிரிட்டன். இங்கிலாந்தின் 1974-ஆம் ஆண்டு ஜூரிச் சட்டம் குடியுரிமையைக் கேட்பதே இல்லை. வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும், வயது 18 முதல் 75-க்குள் இருக்க வேண்டும், 13 வயதுக்குப் பின் 5 ஆண்டாவது அந்நாட்டில் தொடர்ந்து வாழ்ந்திருக்க வேண்டும் என்பவை முக்கியமான நிபந்தனைகள். சட்டப்படி தங்கியிருக்கும் காமன்வெல்த் நாட்டவருக்கு அங்கே வாக்குரிமை உண்டு. எனவே லண்டனின் ஹாரோவிலோ ஈஸ்ட்ஹாமிலோ இந்திய, இலங்கை, மலேசியக் கடவுச்சீட்டோடு வாழும் தமிழருக்கு ஜூரி அழைப்பு வந்தால் அது முழுமையான அழைப்பு. காரணமின்றிப் போகாவிட்டால் 1,000 பவுண்டு வரை அபராதம். கொலை வழக்கிலும் இவர்கள் தீர்ப்புச் சொல்கிறார்கள். இதனால் பிரிட்டனில் நீதி குலைந்துவிட்டதாக யாரும் நிரூபிக்கவில்லை.

ஜூரியில் யார் உட்காருகிறார்கள் என்பதன் கனம் ஈழத்தமிழருக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2006 நவம்பரில் கொழும்பில் சுட்டுக் கொல்லப்பட்ட நாடாளுமன்ற உறுப்பினர் நடராஜா ரவிராஜ் வழக்கில், குற்றம் சாட்டப்பட்டவர்கள் சிங்களம் பேசும் ஜூரர்களைக் கேட்டார்கள். ரவிராஜ் தரப்பின் ஆட்சேபம் எடுபடவில்லை. 2016 டிசம்பரில் குற்றம் சாட்டப்பட்டவர்கள் விடுவிக்கப்பட்டார்கள். அங்கே பிரச்சினை குடியுரிமை அல்ல, மொழி. ஆனால் தீர்ப்புச் சொல்லும் அறையில் தன் சமூகத்தவர் ஒருவரும் இல்லை என்ற உணர்வு ஒன்றுதான். டெக்சாஸின் ஜாக்சன் கவுன்டியில் 25 ஆண்டுகளாக ஒரு மெக்சிக வம்சாவளியினர்கூட ஜூரியில் இருந்ததில்லை என்பதைச் சுட்டித்தான் 1954-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஹெர்னாண்டஸ் வழக்கில் தண்டனையை ரத்து செய்தது.

எதிர்வாதங்களில் என்னை நிறுத்தி யோசிக்க வைப்பது ஒன்று உண்டு. ஜூரர் என்பவர் அரசைப் பார்த்து ‘நீ நிரூபிக்கவில்லை’ என்று அச்சமின்றிச் சொல்லக்கூடியவராக இருக்க வேண்டும். 1670-இல் லண்டனில் மதப் பிரசங்கி வில்லியம் பென்னைக் குற்றவாளி என்று சொல்ல மறுத்த ஜூரர்களைச் சிறையில் அடைத்தார்கள். அவர்களில் ஒருவரான எட்வர்ட் புஷெல் தொடுத்த வழக்கில்தான், தீர்ப்புக்காக ஜூரரைத் தண்டிக்கக் கூடாது என்ற நெறி நிலைபெற்றது. தங்கும் உரிமையையே அரசு பறிக்கக்கூடிய நிலையில் இருப்பவருக்கு அந்தத் துணிவு வருமா? 2025 மார்ச்சில், கிரீன் கார்டு வைத்திருந்த கொலம்பியா பல்கலைக்கழக மாணவர் மஹ்மூத் கலீலை, அவர் போராட்டங்களில் ஈடுபட்டதை அடுத்துக் கைது செய்து லூசியானாவில் மூன்று மாதத்துக்கும் மேல் அடைத்து வைத்தார்கள். இதைப் பார்த்த நிரந்தரவாசி, அரசுத் தரப்பு நடத்தும் வழக்கில் மனம்விட்டுப் பேசுவாரா என்ற சந்தேகம் நியாயமானது. ஆனால் அது காட்டும் குறை கிரீன் கார்டு தரும் பாதுகாப்பில் இருக்கிறது, அதை வைத்திருப்பவரின் தகுதியில் இல்லை. பிரிட்டனைப் போல 5 ஆண்டு வசிப்பை அளவுகோலாக்கி, ஜூரியில் சொன்ன தீர்ப்பு எந்தக் குடியேற்ற முடிவிலும் பயன்படுத்தப்படக் கூடாது என்று சட்டத்திலேயே எழுதிவைத்தால் நிரந்தரவாசிகளைத் தாராளமாகச் சேர்க்கலாம் என்பது என் கருத்து. டெக்சாஸ் பாணியில் ஜூரிப் படிவத்தை வாக்காளர் வேட்டைக்குப் பயன்படுத்துவது அதற்கு முன்பே நிற்க வேண்டும்.

மற்ற கேள்விகளுக்குச் சுருக்கமாக:

எச்-1பி விசாவில் இருக்கிறேன், எனக்கும் வந்திருக்கிறது? அதே பதில்: ‘இல்லை’ என்று குறித்து அனுப்புங்கள்.

குடியுரிமை நேர்காணலில் தேறிவிட்டேன், உறுதிமொழி அடுத்த மாதம்? உறுதிமொழி எடுக்கும் நாள் வரை நீங்கள் குடிமகன் அல்ல.

நிரந்தரவாசியைச் சேர்க்கும் மாநிலம் ஏதாவது? ஒன்றுகூட இல்லை.

கனடாவில்? குடிமக்கள் மட்டுமே. ஒன்டாரியோ மருத்துவக் காப்பீட்டுப் பட்டியலிலிருந்து பெயர் எடுப்பதால் மற்றவர்களுக்கும் கேள்வித்தாள் வரும்.

நியூசிலாந்தில்? நிரந்தரவாசிக்கும் வாக்குரிமை உண்டு. பட்டியலில் பெயர் இருந்தால் ஜூரிக்கும் அழைப்பு வரலாம்.

ஆங்கிலம் தெரியாது என்று எழுதித் தப்பிக்கலாமா? உண்மையிலேயே தெரியாவிட்டால் எழுதுங்கள், அதற்குச் சட்டத்தில் இடமுண்டு. பொய்யென்றால் கையெழுத்திட்டுச் சொன்ன பொய் ஆகும்.

முன்பு ‘இல்லை’ என்று அனுப்பினேன், இப்போது குடிமகன். வாக்காளராகப் பதிந்ததும் பட்டியலில் பெயர் நிற்கிறதா என்று ஒவ்வொரு தேர்தலுக்கு முன்பும் பாருங்கள். வீடு மாறினால் முகவரியை உடனே மாற்றுங்கள். டெக்சாஸில் இருந்தால் குடியுரிமைச் சான்றிதழின் நகலைக் கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள், 30 நாள் சீக்கிரம் ஓடிவிடும்.