மட்டையில் ஒட்டிய சென்சார்: ஆட்டத்தின் நடுவே பிறக்கும் தரவு யார் கைக்குச் செல்கிறது?

பெங்களூரு: பந்து மட்டையில் பட்ட வேகம் எவ்வளவு, அடித்த கணத்தில் மட்டை எவ்வளவு திருகியது, பந்து மட்டையின் சரியான இடத்தில் பட்டதா என்பவற்றை அடுத்த சில நொடிகளில் திரையில் காட்டும் தொழில்நுட்பம் 2018 அக்டோபரில் பெங்களூருவில் அறிமுகமானது. அதை உருவாக்கியது, இந்திய அணியின் முன்னாள் கேப்டன் அனில் கும்ப்ளே தொடங்கிய ஸ்பெக்டாகாம் டெக்னாலஜீஸ் நிறுவனம். மைக்ரோசாஃப்ட் நிறுவனம் அதற்குத் துணை நின்றது.

டெஸ்ட் போட்டிகளில் 619 விக்கெட்டுகள் வீழ்த்திய பந்துவீச்சாளர் ஒருவர், மட்டையாளர்களுக்கான கருவியுடன் வந்தது பலருக்கு வியப்பளித்தது. எனினும் கும்ப்ளே பெங்களூருவின் ஆர்.வி. பொறியியல் கல்லூரியில் இயந்திரப் பொறியியல் படித்தவர். ஐசிசி கிரிக்கெட் குழுவின் தலைவராகவும் இருந்தவர். களத்துக்குள் எந்தக் கருவி வரலாம், எது வரக்கூடாது என்ற விவாதம் அவருக்குப் புதிதன்று.

'பவர் பேட்' எனப்படும் இந்த ஏற்பாட்டின் மையம், மட்டையின் பின்புறம் தோள்பட்டைப் பகுதியில் ஒட்டப்படும் ஒரு ஸ்டிக்கர். அதன் எடை 5 கிராமுக்கும் குறைவு. சராசரி கிரிக்கெட் மட்டையின் எடையோடு ஒப்பிட்டால் இது அரை சதவீதத்தைக்கூடத் தொடாது. ஒட்டும் இடமும் யோசித்துத் தேர்ந்தெடுக்கப்பட்டதே. அங்கே பந்து படுவது அரிது. கைப்பிடிக்கு அருகில் சேரும் எடை, மட்டையை வீசும்போது கைக்கு அதிகம் தெரிவதும் இல்லை. ஆட்டத்தின்போது ஆட்டக்காரரை அளக்க விரும்பும் எந்தக் கருவிக்கும் இதுவே முதல் தேர்வு. அது இருப்பதை அணிந்திருப்பவர் மறந்துவிட வேண்டும். கருவியை நினைத்துக்கொண்டே ஆடுபவரை அளந்தால், கிடைப்பது அவரது வழக்கமான ஆட்டத்தின் அளவாக இராது.

ஒரு மில்லி விநாடிக்குள் நடப்பது

மணிக்கு 140 கிலோமீட்டர் வேகத்தில் வீசப்படும் பந்து, பந்துவீச்சாளரின் கையிலிருந்து மட்டையாளரை அடைய ஏறத்தாழ அரை விநாடி ஆகிறது. ஆனால் பந்தும் மட்டையும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும் நேரம் சுமார் ஒரு மில்லி விநாடி மட்டுமே. விநாடிக்கு 1,000 முறை பதிவு செய்யும் சென்சார்கூட அந்தத் தொடுகையின்போது ஒரே ஒரு பதிவைத்தான் பெறும். எனவே இத்தகைய கருவிகள் மோதும் கணத்தை மட்டும் நம்பியிருக்க முடியாது. மட்டை இறங்கிவந்த வேகத்தையும், மோதலுக்குப் பின் அதில் எழும் அதிர்வையும், அது திரும்பிய கோணத்தையும் சேர்த்துக் கணக்கிட வேண்டியிருக்கிறது.

வேகமாற்றத்தை உணரும் முடுக்கமானியும் சுழற்சியை உணரும் ஜைரோஸ்கோப்பும் இந்தப் பணியைச் செய்கின்றன. கைப்பேசியைத் திருப்பினால் திரையும் தானே திரும்புவதற்குக் காரணமான அதே வகைச் சென்சார்கள்தான் இவை. பந்து மட்டையின் நடு அச்சிலிருந்து விலகிப் பட்டால் மட்டை கைக்குள் திருகும். சரியான இடத்தில் பட்டால் கைக்கு வரும் அதிர்வு மிகக் குறைவாக இருக்கும். 'நடு பேட்டில் பட்டது' என்று தெருவில் ஆடும் சிறுவர்கள் சொல்வதைத்தான் இந்த ஸ்டிக்கர் எண்ணாக மாற்றுகிறது. அந்த எண்களுக்கென்று 'பவர் ஸ்பெக்ஸ்' என்ற தனி அலகையும் நிறுவனம் வகுத்தது.

கணக்கிட்டதை வெளியே அனுப்புவது அடுத்த சிக்கல். சிறிய சென்சார்கள் பொதுவாகப் பயன்படுத்தும் புளூடூத் அலைவரிசையில்தான் வைஃபையும் இயங்குகிறது. நிரம்பிய மைதானத்தில் ஆயிரக்கணக்கான கைப்பேசிகள் அதே அலைவரிசையில் பேசிக்கொண்டிருக்கும். போதாக்குறைக்கு, நீர் நிறைந்த மனித உடல் அந்த அலைகளை உறிஞ்சிவிடும். மட்டையாளர் திரும்பி நின்றாலே தொடர்பு பலவீனமாகலாம். ஆகவே போட்டிகளில் தரவைப் பெறும் பெட்டி பார்வையாளர் பகுதியில் இல்லை, மட்டையாளருக்கு மிக அருகே ஸ்டம்புகளை ஒட்டியே வைக்கப்படுகிறது.

ஒரே தரவு, இரண்டு பாதைகள்

பவர் பேட்டின் வடிவமைப்பில் அதிகம் பேசப்படாத, ஆனால் மிக முக்கியமான பகுதி இங்கேதான் தொடங்குகிறது. போட்டியின்போது ஸ்டம்ப் பெட்டி பெறும் தரவு கிளவுட் வழியாகத் தொலைக்காட்சி ஒளிபரப்பாளருக்குச் செல்கிறது. பயிற்சியின்போது அதே தரவு கைப்பேசிச் செயலியில் தெரிகிறது. அதாவது, செயலி பயிற்சிக் களத்துக்கானது. போட்டி நடக்கையில் வீட்டில் அமர்ந்திருக்கும் ரசிகர் பார்ப்பதை, அந்தப் பந்தை அடித்தவர் பார்ப்பதில்லை.

இதற்குப் பின்னால் ஒரு நீண்ட கதை இருக்கிறது. 1999 உலகக் கோப்பையில் இங்கிலாந்தின் ஹோவ் நகரில் இந்தியாவுக்கு எதிராக ஆடியபோது, தென்னாப்பிரிக்க அணித் தலைவர் ஹான்சி குரோனியே காதில் சிறு கேட்புக் கருவி பொருத்தி வந்தார். பயிற்சியாளர் பாப் உல்மர் ஓய்வறையிலிருந்து அவருடன் பேசிக்கொண்டிருந்தார். போட்டி நடுவர் தலத் அலி அதைக் கழற்றச் செய்தார். அக்கருவிக்குத் தடையும் வந்தது. அப்போது அதைத் தடுக்கும் விதி எதுவும் எழுத்தில் இல்லை என்பது இந்தக் கதையின் சுவையான பகுதி.

19 ஆண்டுகளுக்குப் பின், 2018 மே மாதம் லார்ட்ஸ் டெஸ்டின் முதல் நாளில் பாகிஸ்தான் வீரர்கள் சிலர் ஸ்மார்ட் வாட்ச் அணிந்து களமிறங்கினர். ஐசிசியின் ஊழல் தடுப்பு அதிகாரிகள் அவற்றை இனி அணிய வேண்டாம் என்று அறிவுறுத்தினர். யாரும் தவறு செய்ததாகக் குற்றச்சாட்டு எழவில்லை. வெளியிலிருந்து செய்தி பெறவும் உள்ளிருந்து செய்தி அனுப்பவும் அக்கருவியால் முடியும் என்பதே போதுமான காரணமாக இருந்தது. ஒரு பந்துக்கும் அடுத்த பந்துக்கும் இடையே சூதாட்டச் சந்தைகள் நகரும் காலத்தில் இந்த எச்சரிக்கையை மிகையானது என்று ஒதுக்கிவிட முடியாது.

ஆனால் தரவே தடை செய்யப்பட்டதாக இதற்குப் பொருளில்லை. 2020 டிசம்பரில் கேப் டவுனில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிரான டி20 போட்டியில், இங்கிலாந்து அணியின் பகுப்பாய்வாளர் நாதன் லீமன் ஓய்வறை மாடத்தில் எண்ணும் எழுத்தும் கொண்ட அட்டைகளைத் தொங்கவிட்டார். களத்தில் இருந்த கேப்டன் இயான் மோர்கனுக்கான குறிப்புகள் அவை. போட்டி நடுவரின் அனுமதியுடனேயே அது நடந்தது. மின்னணுக் கருவிக்குக் கதவை மூடும் விதி, அட்டைக்குச் சன்னலைத் திறந்துவைத்திருக்கிறது. செயலியை வடிவமைப்பவர்கள் அந்தக் கோடு எங்கே இருக்கிறது என்பதை அறிந்தே திரையை வரைய வேண்டும்.

கால்பந்து வேறு வழியில் சென்றது. 2018 உலகக் கோப்பையில் அணிகளுக்கு டேப்லெட் கருவிகளை ஃபிஃபா வழங்கியது. ஆட்டம் நடக்கும்போதே புள்ளிவிவரங்கள் பயிற்சியாளரின் இருக்கைக்கு வந்தன. 2022 கத்தார் உலகக் கோப்பையில் ஒரு படி மேலே சென்று, வீரர்களுக்கென்றே தனிச் செயலி அளிக்கப்பட்டது. ஆட்டம் முடிந்த சிறிது நேரத்தில் தமது ஓட்டம், வேகம், பந்தாட்டம் பற்றிய தரவை ஒவ்வொருவரும் தமது கைப்பேசியிலேயே காணலாம். உலக வீரர் சங்கமான ஃபிஃப்ரோவும் அதன் உருவாக்கத்தில் பங்கேற்றது. தரவு யாருடைய உடலிலிருந்து பிறக்கிறதோ அவருக்கே அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்ற கோரிக்கை அங்கே செயலியாக உருவெடுத்தது. கிரிக்கெட்டில் அந்த விவாதம் இன்னும் அவ்வளவு தூரம் வரவில்லை.

டிராவிட்டுக்கு எத்தனை மதிப்பெண்?

பயிற்சிக் களத்தில் செயலியைப் பயன்படுத்துபவர் மேசை முன் அமர்ந்திருப்பதில்லை. கடும் வெயிலில், ஒரு கையில் பந்துடன், வலையின் பின்னால் நின்றுகொண்டிருக்கிறார். அவருக்குப் பெரிய எழுத்துகள் வேண்டும்; இணையம் அறுந்தாலும் பதிவு அழியக்கூடாது; ஒரு பந்துக்கு ஒரு பார்வையில் செய்தி புரிய வேண்டும். பத்து வரைபடங்களை ஒரே திரையில் அடுக்கும் செயலி விளம்பரத்தில் அழகாக இருக்கும், வலைப்பயிற்சியில் பயன்படாது.

அதைவிடக் கடினமான கேள்வி, எந்த எண்ணைக் காட்டுவது என்பதே. வேகத்தையும் ஆற்றலையும் அளக்கும் கருவி, இயல்பாகவே பலமாக அடிப்பவரை உயர்த்திக் காட்டும். பெங்களூருவில் வளர்ந்த ராகுல் டிராவிட் 2004-இல் ராவல்பிண்டியில் 495 பந்துகளைச் சந்தித்து 270 ரன் எடுத்தார். தளர்ந்த கைகளால் பந்தைக் காலடியிலேயே சாகடித்த அந்தத் தடுப்பாட்டம், ஆற்றல் அட்டவணையில் கடைசியில் நின்றிருக்கும். மூன்றாம் ஆள் பக்கம் மெல்லத் திருப்பிவிடும் பந்துக்கும் அதே கதிதான்.

ஆகவே நல்ல செயலி, பந்தை எவ்வளவு பலமாக அடித்தார் என்பதோடு நின்றுவிடாமல், எந்த ஷாட்டை ஆட முயன்றார் என்பதையும் பதிவு செய்தாக வேண்டும். அதைச் சென்சார் தனியாகச் சொல்லாது. பயிற்சியாளரோ, காணொளியோ அந்தத் தகவலைச் சேர்க்க வேண்டும். இல்லையெனில் 13 வயதுச் சிறுவன் திரையில் எண்ணை ஏற்றுவதற்காகவே மட்டையைச் சுழற்றத் தொடங்குவான்.

பந்துவீச்சுக்கும் கருவிகள் வந்துவிட்டன. 2021 கரீபியன் பிரீமியர் லீக்கில் சென்சார் உள்ளே வைத்த கூக்கபுரா பந்து பயன்படுத்தப்பட்டது. கையிலிருந்து விடுபடும் வேகம், தரையில் பட்டபின் வேகம், சுழற்சி ஆகியவற்றை அது தந்தது. ஆனால் வேகப்பந்து வீச்சாளர்களைப் பொறுத்தவரை வேகத்தைவிட முக்கியமானது பணிச்சுமை. ஜஸ்பிரித் பும்ரா 2023 மார்ச்சில் நியூசிலாந்தில் முதுகு அறுவை சிகிச்சை செய்துகொண்டு, பெங்களூரு தேசிய கிரிக்கெட் அகாடமியில் மறுவாழ்வுப் பயிற்சி பெற்று, அந்த ஆகஸ்டில் அயர்லாந்தில் களம் திரும்பினார். 2024-25 ஆஸ்திரேலியத் தொடரில் 150-க்கும் மேற்பட்ட ஓவர்கள் வீசி 32 விக்கெட்டுகள் எடுத்த அவர், சிட்னியில் நடந்த கடைசி டெஸ்டின் இரண்டாம் இன்னிங்ஸில் முதுகுவலியால் பந்துவீசவில்லை. 2025 சாம்பியன்ஸ் கோப்பையையும் தவறவிட்டார். அதன்பின் இங்கிலாந்துத் தொடரின் ஐந்து டெஸ்டுகளில் மூன்றில் மட்டுமே ஆடினார்.

வீசிய பந்துகளின் எண்ணிக்கை முன்பு குறிப்பேட்டில் இருந்தது. இன்று சென்சாரும் செயலியும் ஓட்டத்தையும் முயற்சியின் தீவிரத்தையும் சேர்த்துக் கணக்கிடுகின்றன. சர்வதேச வீரருக்கு அந்தத் தரவைப் படிக்க மருத்துவரும் உடற்பயிற்சி வல்லுநரும் இருக்கிறார்கள். மாவட்ட அணியில் இடம்பிடிக்கத் துடிக்கும் 15 வயது வேகப்பந்து வீச்சாளருக்கு அப்படி யாரும் இல்லை. அவரது செயலியில் 'சுமை அதிகம்' என்று எச்சரிக்கை வந்தால், அதை முதலில் பார்ப்பவர் அவரா, பெற்றோரா, அணியைத் தேர்வு செய்பவரா என்பது அவருடைய எதிர்காலத்தையே மாற்றக்கூடும்.

சிறார் தரவும் புதிய சட்டமும்

இந்தக் கேள்விக்கு இப்போது சட்ட முகமும் உண்டு. 2023-ஆம் ஆண்டின் எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிறையாத அனைவரையும் குழந்தை என்றே கருதுகிறது. அவர்களது தரவைக் கையாள, சரிபார்க்கத்தக்க வகையில் பெற்றோரின் ஒப்புதலைப் பெற வேண்டும். குழந்தைகளைப் பின்தொடர்வதையும் அவர்களது நடத்தையைக் கண்காணிப்பதையும், அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்வதையும் சட்டம் தடுக்கிறது. குழந்தைகள் தொடர்பான கடமைகளை மீறினால் 200 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம்.

மைதானத்தில் ஒரு சிறுமியின் ஓட்டத்தையும் வேகத்தையும் நாள்தோறும் பதிவு செய்யும் செயலி, சொல்லுக்குச் சொல் பார்த்தால் 'பின்தொடர்தல்' என்பதற்குள் வந்துவிடக்கூடும். 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்ட விதிகள் சில விலக்குகளை அளிக்கின்றன. மருத்துவ நிறுவனங்கள், கல்வி நிறுவனங்கள், குழந்தைகள் காப்பகங்கள் ஆகியவை குறிப்பிட்ட நோக்கங்களுக்காக மட்டும் இத்தகைய கண்காணிப்பைச் செய்யலாம். விளையாட்டுப் பயிற்சி மையம் என்று தனியாக எதுவும் அந்தப் பட்டியலில் இல்லை. பள்ளிக்குள் இயங்கும் கிரிக்கெட் அணி விலக்கைக் கோர முடியலாம். வாடகை மைதானத்தில் மாலை நேர வலைப்பயிற்சி நடத்தும் தனியார் அகாடமி 'கல்வி நிறுவனம்' ஆகுமா என்பது தெளிவாக்கப்பட வேண்டிய ஒன்று.

சட்டத்தின் முக்கியப் பிரிவுகள் நடைமுறைக்கு வர, விதிகள் அறிவிக்கப்பட்டதிலிருந்து 18 மாத அவகாசம் தரப்பட்டுள்ளது. அதன்படி 2027 மே மாதத்துக்குள், சிறார் பயன்படுத்தும் விளையாட்டுச் செயலிகள் பெற்றோர் ஒப்புதலைப் பெறும் முறையையும், தேவை முடிந்த தரவை அழிக்கும் முறையையும் தமது வடிவமைப்பில் சேர்த்திருக்க வேண்டும்.