சுழிக்கு முன்பே அறுபடும் மின்னோட்டம்

மாறுதிசை மின்னோட்டத்தைத் துண்டிக்க ஏற்ற கணம் ஒன்று உண்டு. 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் நொடிக்கு 100 முறை சுழியைக் கடக்கிறது. அப்போது சுமையின் சுருளில் காந்த ஆற்றல் ஏதும் தங்கியிருக்காது. மின்முறிப்பானின் தொடுமுனைகள் பிரிந்ததும் இடையே மூளும் மின்வில், அந்தக் கணம் வரும்வரை ஓட்டத்தைக் கொண்டுசெல்கிறது. காற்றிலும் எண்ணெயிலும் வில் எரிய வாயு இருக்கிறது. வெற்றிட முறிப்பானிலோ தொடுமுனையின் உலோகம் ஆவியானால்தான் வில். ஓட்டம் சில ஆம்பியருக்கு இறங்கியதும் ஆவி போதாமல் வில் அணைகிறது. சுழிக்குச் சற்று முன்னதாகவே ஓட்டம் அறுபடுகிறது. சுருளில் சிக்கிய ஆற்றல் அதன் சிறிய மின்தேக்குத்திறனுக்குள் பாய்ந்து மின்னழுத்தமாக ஏறுகிறது. எவ்வளவு ஏறும்? அறுபட்ட ஓட்டத்தைச் சுருளின் அலைமறிப்பால் பெருக்கினால் விடை வரும். 5 ஆம்பியர், 3,000 ஓம் என்று கொண்டால் 15 கிலோவோல்ட். 11 கிலோவோல்ட் அமைப்பில் ஒரு ஃபேஸின் இயல்பான உச்சமே ஏறத்தாழ 9 கிலோவோல்ட்தான்.

பழி முறிப்பானைச் சேரும் என்று தோன்றலாம். என் கணிப்பில், இது முறிப்பானும் சுமையும் சேர்ந்து உண்டாக்கும் சிக்கல். சுமையேற்றிய மின்மாற்றியிலோ நீண்ட கேபிளிலோ தொல்லை தராத அதே கருவி, குறுகிய கேபிளில் இணைந்த மோட்டாரை அச்சுறுத்துகிறது. தாமிர-குரோமிய தொடுமுனைகள் வந்தபின் அறுபடும் ஓட்டம் 3 முதல் 5 ஆம்பியர் அளவுக்குக் குறைந்துவிட்டதே, இன்னும் என்ன கவலை என்று கேட்பவர்கள் உண்டு. அவர்கள் சொல்வதில் பாதி சரி. ஆனால் அப்போதுதான் ஓடத் தொடங்கிய மோட்டாரை உடனே நிறுத்த நேர்ந்தால், தொடுமுனைகள் போதுமான அளவு விலகுமுன்பே சுழி வந்துவிடலாம். இடைவெளி அழுத்தத்தைத் தாங்காமல் வில் மீண்டும் பற்றும். அதிர்வெண் மிகுந்த ஓட்டம் பாயும். வெற்றிடம் அந்த ஓட்டத்தையும் அதன் சுழியிலேயே துண்டிக்கும் அளவுக்கு விரைவானது. அதனால் பற்றுவதும் அணைவதும் பலமுறை தொடர்ந்து, ஒவ்வொரு முறையும் அழுத்தம் படியேறுகிறது. துண்டிக்கும் திறமையே இங்கு ஆபத்துக்கு வழி திறக்கிறது. ஒரு மைக்ரோநொடிக்கும் குறைவான நேரத்தில் எழும் அந்த அலை சுருள் முழுவதும் சீராகப் பரவுவதில்லை. முதல் சில சுற்றுகளின் மின்காப்பே அடியை வாங்குகிறது.

அப்படியானால் எஸ்எஃப்6 வாயு முறிப்பான்களுக்கே திரும்பலாமே? அந்த வாயு, நூறாண்டுக் கணக்கில், கரியமில வாயுவைப் போல 20,000 மடங்குக்கும் மேலாகப் புவியைச் சூடாக்குவது. 24 கிலோவோல்ட் வரையிலான புதிய கருவிகளில் அதைப் பயன்படுத்த ஐரோப்பிய ஒன்றியம், சில விலக்குகளுடன், 2026 முதல் தடை விதித்திருக்கிறது. ஆகவே வெற்றிட முறிப்பான்கள் பெருகத்தான் போகின்றன; சுமையை அறியாமல் அவற்றைப் பொருத்துவதுதான் தவறு. பழைய முறிப்பானைக் கழற்றி அந்த இடத்தில் புதியதை மாட்டும்போது, மோட்டாரின் வயதையும் கேபிளின் நீளத்தையும் கட்டாயம் பார்க்க வேண்டும். பாதுகாப்புக்குத் துத்தநாக ஆக்சைடு சர்ஜ் அரெஸ்டரைச் சுவிட்ச்போர்டில் வைத்தால் போதாது. கேபிளின் மறுமுனையில் அலை எதிரொலித்து ஏறக்குறைய இரட்டிக்கும் என்பதால் அது மோட்டாரின் முனையிலேயே இருக்க வேண்டும். அதுவும் அலையின் உயரத்தைத்தான் வெட்டும், செங்குத்தைக் குறைக்காது. அதற்கு மின்தேக்கியும் மின்தடையும் தொடராக இணைந்த சுற்று தேவை: மின்தேக்கி அலையின் ஏற்றத்தைச் சாய்க்கிறது, மின்தடை எதிரொலியை விழுங்குகிறது.