பினாங்கிலிருந்து கூச்சிங்கிற்கு: வானில் எவ்வளவு நேரம், வழியில் எவ்வளவு நேரம்?

தோட்டப்புறத்துப் பிள்ளைக்கு மலேசிய சரவாக் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்துவிட்டால், பெற்றோர் முதலில் கேட்கும் வினா, "எவ்வளவு தூரம், எத்தனை மணி நேரம்?" என்பதாகும். இவ்வினாவிற்கு விடை ஒன்றன்று, இரண்டு. அவற்றைப் பிரித்தறியாதோர் விமானத்தைத் தவறவிடுவதுண்டு.

முதலில் தூரத்தைக் காண்போம். பினாங்கு பாயான் லெப்பாஸ் விமான நிலையத்திலிருந்து கூச்சிங், கிழக்கே சுமார் 1,120 கிலோ மீட்டரும் தெற்கே சுமார் 420 கிலோ மீட்டரும் தள்ளியுள்ளது. விமானம் தென்சீனக் கடலைச் சாய்வாகக் கடப்பதால், நேர்கோட்டுத் தூரம் ஏறக்குறைய 1,200 கிலோ மீட்டராகும்.

ஜெட் விமானம் உயரே மணிக்கு 800 கிலோ மீட்டர் வேகத்தில் பறக்கும். அக்கணக்கின்படி ஒன்றரை மணி நேரம் போதும். ஆயினும் ஓடுபாதைக்குச் செல்லவும், மேலே ஏறவும், வேகம் குறைத்து இறங்கவும் நேரம் பிடிக்கும். ஆகவே, பயணம் சுமார் இரண்டு மணி நேரமாகிறது.

இது விமானத்தின் கணக்கு. பயணியின் கணக்கோ வீட்டு வாசலில் தொடங்குகிறது. கூலிம் வட்டாரத் தோட்டமொன்றிலிருந்து காலை 10 மணி விமானத்திற்குச் செல்வதாகக் கொள்வோம். 8 மணிக்கே விமான நிலையத்தில் இருத்தல் நலம். பாலத்தில் நெரிசல் ஏற்படக்கூடுமாதலால், 6.30 மணிக்குப் புறப்படுதல் வேண்டும். நண்பகலில் கூச்சிங்கில் இறங்கி, பெட்டிகளைப் பெற்று, கோத்தா சமரஹானிலுள்ள பல்கலைக்கழகத்தை அடையும்போது பிற்பகல் 1.30 மணியாகிவிடும். ஆக, மொத்தம் ஏழு மணி நேரம்! "இரண்டு மணி நேரப் பயணந்தானே" என்று 8.30 மணிக்குப் புறப்படுவோர் சேரும்போது, பதிவு முகப்பு மூடப்பட்டிருக்கும். பயணச்சீட்டுப் பணமும் வீண். பிள்ளையின் பதிவு நாளும் தவறும்.

கடிகாரத்தைப் பற்றிய ஐயம் சிலருக்குண்டு. 1981 இறுதிவரை சரவாக் நேரம் தீபகற்ப நேரத்தைவிட அரை மணி முந்தியிருந்தது. 1982 ஜனவரி 1 முதல் இரண்டும் ஒன்றே. எனினும், கூச்சிங் கிழக்கே பத்துப் பாகை தள்ளியிருப்பதால், அங்குப் பொழுது ஏறக்குறைய 40 நிமிடம் முன்னதாகவே புலர்ந்து, முன்னதாகவே சாயும்.

மற்றொன்றையும் மறத்தலாகாது. 1963-இல் மலேசியா அமைந்தது முதல் குடிநுழைவில் சரவாக்கிற்குத் தனி அதிகாரம் உண்டு. எனவே, தீபகற்பத்தார் கூச்சிங்கில் குடிநுழைவுச் சோதனையைக் கடந்தே செல்வர். உடன் செல்லும் பெற்றோரும் மைகார்ட் அடையாள அட்டையைக் கையில் வைத்திருத்தல் இன்றியமையாதது. தங்கிப் படிக்கும் மாணவருக்குரிய அனுமதியைப் பற்றிப் பல்கலைக்கழக அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டறிதல் நன்று.

விடியுமுன் எழுந்து மரம் வெட்டச் செல்லும் தோட்ட மக்களுக்கு அதிகாலைப் பயணம் அரிதன்று. சீட்டில் அச்சிட்டுள்ள நேரத்திலிருந்து பின்னோக்கி எண்ணி, வீட்டை விட்டுப் புறப்படும் நேரத்தை முதல் நாளே குறித்து வையுங்கள்.