உட்கார வைத்த அன்பு

பணி ஓய்வு பெறும் வாத்தியாருக்குச் சால்வை, மாலை, கைக்கடிகாரத்தோடு சில ஊர்களில் ஒரு ஈசிசேரும் கொடுப்பார்கள். வண்டியில் ஏற்றி வீடு வரை கொண்டுவந்து, திண்ணையில் விரித்துப் போட்டுவிட்டுப் போவார்கள். தமிழ்நாட்டு அரசு ஊழியருக்கு நெடுங்காலம் ஓய்வு வயது 58. அதற்கு மேல் அவருக்கு வேலை என்று எதுவும் இருக்கக் கூடாது என்பதில் வீடே உறுதியாக இருக்கும். அவர் குடத்தைத் தொட்டால் மகன் ஓடி வந்து வாங்கிக்கொள்வான். பையை எடுத்தால், "நீங்க எதுக்குப்பா அலையணும், நான் போயிட்டு வரேன்" என்பான். மாமியார் அடுப்படிப் பக்கம் வந்தால், "நீங்க உட்காருங்கத்தே" என்று மருமகள் மணையை நகர்த்திப் போடுவாள். பெரியவர்களை உட்கார வைப்பதுதான் பிள்ளைகளுக்குத் தெரிந்த மரியாதை.

அதில் நியாயமும் இருந்தது. அந்த உடம்புகள் உழைத்துத் தேய்ந்தவை. இட்லிக்கு மாவு அரைப்பது ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு காலை மடக்கி, ஒரு காலை நீட்டி ஆட்டுக்கல் முன்னால் தரையில் உட்கார வேண்டும். வலக்கை குழவியைச் சுற்ற, இடக்கை விளிம்பில் ஏறும் மாவைக் குழிக்குள் தள்ளிக்கொண்டே இருக்கும். உளுந்து பொங்கப் பொங்க அரைபட்டு முடிந்த பிறகுதான் அரிசி. தோள்பட்டை, முதுகு, இடுப்பு, விரல்பிடி என்று ஒன்றும் மிச்சமில்லாமல் வேலை செய்யும். நடுவில் அழும் பிள்ளையைத் தூக்க, கொதிக்கும் குழம்பை இறக்க என்று எத்தனை முறை தரையிலிருந்து எழுவது, மறுபடி உட்கார்வது! இது போக அம்மி, உரல், துவைகல், கிணற்றுக் கயிறு. ஆண்களுக்கு ஏர், மூட்டை, எதிர்காற்றில் சைக்கிள்.

அந்தக் காலத்துக்காக நான் ஏங்கவில்லை. அரைத்து, இடித்து, எல்லோருக்கும் போட்டுவிட்டு, சட்டியில் மிஞ்சியதைத் தின்று சோகை பிடித்த பெண்கள் அவர்கள். நாற்பதிலேயே பாட்டி ஆனவர்கள். நாடு விடுதலை பெற்ற காலத்தில் இந்தியர்களின் சராசரி ஆயுள் 32 வயதை ஒட்டித்தான் இருந்தது. பச்சிளம் குழந்தைகள் கொத்துக் கொத்தாகச் செத்ததுதான் அதற்குப் பெரிய காரணம் என்றாலும், பெரியவர்களின் வாழ்க்கையும் இலேசாக இல்லை. கோயம்புத்தூரில் 1955-ல் மின்சார கிரைண்டர் பிறந்ததும், 2011-ல் அரசே மிக்சியும் கிரைண்டரும் விலையில்லாமல் வீடுவீடாகக் கொடுத்ததும் தமிழ்ப் பெண்களின் முதுகில் இருந்து பெரும் பாரத்தை இறக்கின. யாரும் ஆட்டுக்கல்லுக்குத் திரும்ப வேண்டியதில்லை.

ஆனால் ஆட்டுக்கல் மாவை மட்டும் அரைக்கவில்லை. கூலி இல்லாமல் அந்த உடம்பின் சதையையும் காத்து வந்தது. அந்தக் காரியத்தை இன்று செய்வது யார்?

இன்று 52 வயதில் இருப்பவரின் ஒரு நாளைப் பாருங்கள். லிப்டில் இறங்கி, தெருமுனைக் கடைக்கும் ஸ்கூட்டர். தண்ணீர் குழாயில் வருகிறது, காய்கறி போனில் வருகிறது. தரையில் சம்மணம் போட்ட சாப்பாடு மேசைக்கு ஏறிவிட்டது. குந்தி உட்கார்ந்து எழும் கடைசி வாய்ப்பையும் வெஸ்டர்ன் டாய்லெட் எடுத்துக்கொண்டது. தனித்தனியாகப் பார்த்தால் இதில் எதுவும் தப்பில்லை. எல்லாம் சேர்ந்து, தொடைக்கும் இடுப்புக்கும் நாள் முழுக்க ஒரு வேலையும் இல்லாமல் ஆக்கிவிட்டன. முப்பதைத் தாண்டிய பிறகு பயன்படுத்தாத தசை பத்தாண்டுக்கு நூற்றுக்கு மூன்று முதல் எட்டுப் பங்கு வரை கரையும். அறுபதுக்கு மேல் இன்னும் வேகமாக. எடை காட்டும் கருவியில் இது தெரியாது, ஏனென்றால் கரைந்த இடத்தில் கொழுப்பு வந்து உட்கார்ந்துவிடும். சாப்பிட்ட சர்க்கரையை ரத்தத்திலிருந்து வாங்கிச் சேமிப்பதில் தசைக்குத்தான் பெரிய பங்கு. அது சுருங்கினால் சர்க்கரை தங்க இடமில்லாமல் ரத்தத்திலேயே அலையும். இந்தியாவில் சுமார் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு என்று 2023-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) ஆய்வு சொன்னபோது எல்லோரும் அரிசியைத்தான் திட்டினார்கள். கரைந்துபோன தொடைச்சதையைப் பற்றிப் பேசியவர் குறைவு.

அரிசிக்கும் பங்கு உண்டு. கம்பும் கேழ்வரகும் சோளமும் அன்றாடம், நெல்லுச்சோறு நாள் கிழமைக்கு என்று இருந்த மானாவாரி ஊர்களில் ரேஷன் அரிசி பசியை விரட்டியது. 2008-ல் கிலோ ஒரு ரூபாய், 2011-ல் இலவசம். இந்தச் சாதனையைக் குறைத்துப் பேசுகிறவர்களோடு நான் சேர மாட்டேன். சிக்கல் அளவில் இருக்கிறது. ஏர் பிடித்த அப்பா சாப்பிட்ட அதே குவியலை, கம்ப்யூட்டர் முன்னால் உட்காரும் மகனும் சாப்பிடுகிறார். சாம்பாருக்கு ஒரு குவியல், ரசத்துக்கு ஒன்று, மோருக்கு ஒன்று. தொட்டுக்கொள்ள மட்டும் ஒரு கரண்டிப் பொரியல். இதைத் திருப்பிப் போட்டால் பாதி வேலை முடிந்தது. சிறுதானியத்துக்கு மாறினாலே போதும் என்பதும் சரியில்லை. மைபோல அரைத்த கேழ்வரகு மாவில் மூன்று உருண்டைக் களி தின்றால் அதுவும் சர்க்கரையை ஏற்றத்தான் செய்யும்.

வயதானவர்கள் தட்டில் நான் தேடுவது புரதத்தை. கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம் என்பது ஐ.சி.எம்.ஆர். பரிந்துரை. முதுமையில் ஒரு கிராமுக்கு மேலேயே வேண்டும் என்று முதியோர் ஊட்டச்சத்து வல்லுநர்கள் சொல்கிறார்கள். 60 கிலோ அம்மாவுக்கு 60 கிராமாவது வேண்டும். காலையில் காபியும் இரண்டு இட்லியும், மதியம் ரசம் சாதம், இரவு "எனக்கு ஒண்ணும் வேண்டாம், கஞ்சி போதும்" என்றால் அதில் பாதிகூடத் தேறாது. பல் போய்விட்டது, செரிக்காது என்று முட்டையையும் சுண்டலையும் முதலில் நிறுத்துவது அவர்களுக்குத்தான். உண்மையில் அவித்த முட்டை, குழைய வேகவைத்த பாசிப்பயறு, தயிர், மீன் எல்லாம் அவர்கள் தட்டுக்குத்தான் முதலில் போக வேண்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் டாக்டர் சொன்ன அளவில் நிற்க வேண்டும். உப்பு நாளுக்கு ஐந்து கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூனுக்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஊறுகாயும் அப்பளமும் கருவாடும் பழகிய நாக்குக்கு இது கஷ்டம்தான். அப்பளத்தை விசேஷ நாளுக்கு என்று ஒதுக்கி ஆரம்பிக்கலாம்.

உட்கார வைத்தது பிள்ளைகள் மட்டுமல்ல, மருத்துவமும்தான். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை மாரடைப்பு வந்தவரை ஆறு வாரம் வரைகூடக் கட்டிலை விட்டு இறங்க விடமாட்டார்கள். படுத்தே கிடந்ததில் காலில் ரத்தம் உறைந்து, அந்தக் கட்டி நுரையீரலை அடைத்து இறந்தவர்கள் உண்டு. 1952-ல் பாஸ்டனில் சாமுவேல் லெவின், பெர்னார்ட் லோன் என்ற இரு மருத்துவர்கள் நோயாளியைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றியதே அன்று பெரிய துணிச்சல். அடுத்த ஆண்டு லண்டனில் ஜெர்ரி மாரிஸ் வெளியிட்ட ஆய்வு இன்னும் ஆழமாகப் போனது. மாடிப் பேருந்துகளில் நாளெல்லாம் உட்கார்ந்து ஓட்டிய டிரைவர்களைவிட, மாடிக்கும் கீழுக்கும் ஏறி இறங்கிச் சீட்டுக் கொடுத்த கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவு. அதே கம்பெனி, அதே பஸ், படிக்கட்டுதான் வித்தியாசம். சென்னை மாநகரப் பேருந்தில் கண்டக்டர் இருக்கையிலேயே இருக்க, காசும் சீட்டும் கைமாறிக் கைமாறிப் போவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த ஆய்வு ஞாபகத்துக்கு வரும்.

எனக்கு மிகப் பிடித்தது டாலஸ் ஆய்வு. 1966-ல் இருபது வயது இளைஞர்கள் ஐந்து பேரை மூன்று வாரம் கட்டிலிலேயே படுக்க வைத்தார்கள். உழைக்கும்போது உடம்பு ஆக்சிஜனை எடுத்துப் பயன்படுத்தும் திறன் கால் பங்குக்கு மேல் சரிந்துபோனது. முப்பது ஆண்டு கழித்து, ஐம்பது வயதில், அதே ஐவரையும் கூப்பிட்டுச் சோதித்தார்கள். அந்த மூன்று வாரப் படுக்கை செய்த அளவு சேதத்தை முப்பது ஆண்டு மூப்பு செய்திருக்கவில்லை. ஆறு மாதம் நடை, மெல்லோட்டம், சைக்கிள் என்று படிப்படியாகப் பயிற்சி கொடுத்ததும், வயதால் இழந்த அந்தத் திறன் முழுவதும் திரும்பியது. "வயசாச்சு, இனி என்ன" என்று சொல்பவர்களிடம் இதை நான் சொல்லாமல் விடுவதில்லை.

இனி காலுக்கு வருகிறேன். ரத்த ஓட்டம் முதலில் தடுமாறும் இடங்களில் ஒன்று அது. கெண்டைக்கால் சதை ஒவ்வொரு முறை சுருங்கும்போதும் காலில் இறங்கிய ரத்தத்தை மேலே தள்ளும். சிரைகளில் உள்ள வால்வுகள் அது கீழே திரும்பாமல் பிடித்துக்கொள்ளும். அசையாமல் உட்கார்ந்தாலும் அசையாமல் நின்றாலும் இந்தச் சதைக்கு வேலையில்லை. ரத்தம் தேங்கி, வால்வு தளர்ந்து, நரம்பு சுருட்டிக்கொள்ளும். ஜவுளிக்கடையில் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் நின்று புடவை பிரித்துக் காட்டும் பெண்களின் கணுக்காலில் இதைப் பார்க்கலாம். மாலையில் கொலுசு பதிந்த தடம் மறையாமல் நிற்கும். கடை ஊழியர்களுக்கு இருக்கை கொடுத்தே ஆக வேண்டும் என்று தமிழ்நாடு 2021-ல் சட்டத் திருத்தம் கொண்டுவந்தது. அதற்கு முன்னால் கேரளம் கொண்டுவந்திருந்தது. நல்ல சட்டம். ஆனால் இன்றும் வாடிக்கையாளர் வந்தால் ஸ்டூல் மறைந்துவிடும் கடைகள் இருக்கின்றன. கேட்க வேண்டியது நாம்தான். நிற்க நேர்ந்தவர்கள் கல்லாப்பெட்டியைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்கினால்கூடக் கெண்டைக்கால் வேலை செய்யும்.

"கொஞ்ச தூரம் நடந்தா கெண்டைக்கால் கவ்விப் பிடிக்குது, நின்னா விட்டுடுது" என்று சிலர் சொல்வார்கள். பீடி, சிகரெட், சர்க்கரை இவற்றால் காலின் தமனி சுருங்கியதன் அடையாளமாக இருக்கலாம். அன்று இதற்குப் பதில், "அப்ப நடக்காதே." இன்று மருத்துவம் சொல்வது நேர் எதிர். வலி வரும் வரை நட, நின்று ஆற விடு, மறுபடி நட. இப்படி அரை மணி நேரத்துக்குக் குறையாமல், வாரம் மூன்று முறை, குறைந்தது மூன்று மாதம். அடைப்பு அப்படியே இருந்தாலும் வலியில்லாமல் நடக்கும் தூரம் நீளும், ஏனென்றால் கிடைக்கிற ரத்தத்தைச் சிக்கனமாகப் பயன்படுத்தத் தசை பழகிக்கொள்கிறது. புகையை விட்டாக வேண்டும். படுத்திருக்கும்போதே கால் வலித்தால், விரல் கறுத்தால், புண் ஆறாமல் இருந்தால், இந்த நடையெல்லாம் வேண்டாம். அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும். நடக்கையில் நெஞ்சு இறுகினாலும் அப்படித்தான்.

நடப்பதற்கு இன்று கூச்சமில்லை. புடவைக்குக் கீழே கேன்வாஸ் ஷூவோடு அத்தைமார்கள் பூங்காவைச் சுற்றுகிறார்கள். 2023 நவம்பரில் தமிழக அரசு மாவட்டந்தோறும் எட்டு கிலோமீட்டர் நடைபாதை அறிவித்தது. ஆனால் பெரும்பாலோர் நடையோடு நின்றுவிடுகிறார்கள், அதுவும் அரட்டை கலையாத வேகத்தில். பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுதான் வேகத்துக்குக் கணக்கு. அப்படி வாரம் 150 நிமிடம் நடப்பதோடு, இரண்டு நாளாவது தசைக்குப் பாரம் கொடுக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். பின்னது நம் ஊரில் இன்னும் வயசுப்பையன்கள் சமாச்சாரம். 1990-ல் பாஸ்டனில் 86 முதல் 96 வயதுவரை இருந்த முதியோர் இல்லத்துக்காரர்கள் எட்டு வாரம் கால்களுக்கு எடைப்பயிற்சி செய்தார்கள். தொடை பலம் சராசரியாக 174 சதவீதம் ஏறியது. இருவர் கைத்தடியை விட்டுவிட்டார்கள்.

இதற்கு ஜிம் கட்டாயமில்லை. சுவரோரம் நகராத நாற்காலி. கைகளை மார்பில் கட்டிக்கொண்டு, கை ஊன்றாமல் எழுந்து, தொப்பென்று விழாமல் மெல்ல உட்கார வேண்டும். முதல் வாரம் ஐந்து முறை முடிந்தால் போதும். சுவரில் உள்ளங்கை பதித்துத் தள்ளுவது, தண்ணீர் நிரப்பிய பாட்டிலைத் தோளுக்கு மேல் தூக்குவது என்று பிறகு கூட்டலாம். மூச்சைப் பிடித்துக்கொண்டு தூக்கக் கூடாது, ரத்த அழுத்தம் எகிறும். பி.பி.யும் சர்க்கரையும் தெரியாமல் திடீரென்று ஆரம்பிக்கவும் கூடாது.

பெண்களின் நேரம் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பூங்காவில் காலை ஆறு மணிக்கு நடப்பவர்களில் ஆண்களே அதிகம். அந்த நேரத்தில் அவர்கள் வீட்டுப் பெண்கள் குக்கர் முன்னால் நிற்கிறார்கள். மாதவிலக்கு நின்ற பிறகு பெண்ணின் இதயத்துக்கும் எலும்புக்கும் ஹார்மோன் கொடுத்துவந்த காவல் குறைகிறது. சரியாக அந்த வயதில்தான் மகள் பிரசவம், பேரப்பிள்ளை, படுத்த மாமனார் என்று வேலை கூடுகிறது. "நாள் பூரா வீட்டு வேலை செய்யறேனே, அது போதாதா?" என்கிறார்கள். போதாது, கிரைண்டர் வந்த வீட்டில் அந்த வேலை கால் கடுக்க வைக்கிறது, காலுக்குப் பலம் தருவதில்லை. அவர்களுக்கு அரை மணி நேரம் வேண்டும். வாரத்தில் ஐந்து நாள் காலைச் சமையலைக் கணவரும் பிள்ளைகளும் எடுத்துக்கொள்ளட்டும். பூங்காக்களில் இரவு எட்டு மணி வரை விளக்கு எரியட்டும், பூட்டாத சுத்தமான கழிப்பறை இருக்கட்டும். சர்க்கரை மாத்திரைக்கும் மூட்டு மாற்று ஆபரேஷனுக்கும் ஆகும் பணத்தோடு ஒப்பிட்டால், எந்த நகராட்சிக்கும் இது பெரிய செலவில்லை.