மின்சாரம் போனால் அணையும் அடுப்பு

அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில், வீட்டின் பின்முற்றத்தில் ஒரே அடுப்போடு அமைந்துவிடும் குடும்பங்கள் குறைவு. இறைச்சியை மணிக்கணக்கில் புகையிலேயே வேகவைக்கும் ஸ்மோக்கர், கரி நெருப்பில் சுடும் மூடிபோட்ட கிரில், அவசரச் சமையலுக்குப் புரோப்பேன் எரிவாயு அடுப்பு என அவை ஒவ்வொன்றாகச் சேர்ந்துகொண்டே போகின்றன. இவை அனைத்தின் வேலையையும் தனியொன்றாகவே செய்துவிடும் என்னும் வாக்குறுதியுடன் விற்கப்படுகிறது பெல்லட் கிரில்.

1980களில் ஆரிகன் மாநிலத்தில் உருவான இச்சாதனத்தின் எரிபொருளான பெல்லட் என்பது, மரத்தூளை மிகுந்த அழுத்தத்தில் நெருக்கி, சுமார் 6 மில்லிமீட்டர் தடிமனில் வார்த்தெடுத்த சிறு கட்டையாகும்; மரத்திலேயே உள்ள லிக்னின் என்னும் பொருள் சூட்டில் இளகித் துகள்களைப் பிணைத்துவிடுவதால் தனியே பசை தேவைப்படுவதில்லை. பக்கவாட்டுத் தொட்டியில் கொட்டப்படும் பெல்லட்டுகளை மோட்டாரால் சுழலும் திருகுதண்டு சிறிது சிறிதாக நெருப்புக் கிண்ணத்துக்குத் தள்ள, அங்குள்ள மின்சூட்டுக்கோல் பற்றவைக்க, விசிறி காற்றூட்ட, வெப்பத்தை அளந்தபடி இவற்றையெல்லாம் ஒரு மின்னணுப் பலகை ஆட்டுவிக்கிறது.

நிதானச் சமையலில் இதன் திறமையை மறுப்பதற்கில்லை. பிரிஸ்கெட் எனப்படும் மாட்டின் நெஞ்சுப்பகுதி இறைச்சியில் மண்டியிருக்கும் கொலாஜன் என்னும் இணைப்புப் புரதம் ஜெலட்டினாகக் கரைந்து மிருதுவாக, ஏறத்தாழ 110 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் 12 மணி நேரமும் அதற்கு மேலும் ஆகலாம். விறகு ஸ்மோக்கரில் அவ்வளவு நேரமும் ஒருவர் கட்டை போட்டுக்கொண்டு விழித்திருக்க வேண்டும். பெல்லட் கிரில்லிலோ இரவில் வைத்துவிட்டு உறங்கப் போகலாம். பெல்லட் சுத்தமாக எரிவதால் புகைமணம் சற்று மங்கலாகவே ஏறும் என்றாலும், பெரும்பாலான வீடுகளில் ஸ்மோக்கரின் இடத்தை இது நிரப்பிவிடும். ஸ்டேக் போன்ற இறைச்சித் துண்டுகளை உக்கிரமான தணலில் மொறுமொறுவெனச் சுடுவதற்கு மட்டும், 260 டிகிரியோடு நின்றுவிடும் பல மாதிரிகள் போதுவதில்லை.

ஆனால், சுவையை விடவும் ஆழ்ந்து கவனிக்க வேண்டியது, இந்த அடுப்பு மின்சாரம் இல்லாமல் எரியாது என்பதே. 2021 பிப்ரவரியின் கடுங்குளிரில் டெக்சஸில் பல லட்சம் வீடுகள் நாட்கணக்கில் இருண்டு கிடந்தன. 2024 ஜூலையில் பெரில் புயல் ஹூஸ்டனைத் தாக்கியபோதும் அதே நிலைதான். குளிர்பதனப் பெட்டியில் உள்ள இறைச்சி கெடுமுன் சமைத்தாக வேண்டிய அந்நாட்களில்தான் பின்முற்றத்து அடுப்பு உண்மையிலேயே குடும்பத்துக்குக் கைகொடுக்க வேண்டும்; அப்போதுதான் பெல்லட் கிரில் வெறும் இரும்புப் பெட்டியாகிவிடுகிறது. சிறு மின்கலத் தொகுப்பே இதை இயக்கிவிடும் என்று ஆதரவாளர்கள் கூறுவது கணக்களவில் சரியே. எனினும் கைபேசிக்கும் மருந்துக் குளிர்பெட்டிக்கும் விளக்குக்குமே போதாத மின்சாரத்தை அடுப்புக்கும் பங்குபோடச் சொல்வது, விறகும் கரியும் கேட்காத விலையாகும்.

சமையலின் நடுவே மின்சாரம் அறுந்தால் ஆபத்து வேறு வகையில் வருகிறது: விசிறி நின்றபின் கிண்ணத்தில் எஞ்சிய கனல், திருகுதண்டில் அடைந்திருக்கும் பெல்லட் வழியே தொட்டியை நோக்கிப் பின்னேறக்கூடும். டெக்சஸின் வளைகுடாக் கரையில் வீசும் ஈரக்காற்றும் இந்த அடுப்புக்குப் பகை. நீர் பட்ட பெல்லட் உப்பி, உதிர்ந்து, மறுபடியும் மரத்தூளாகித் திருகுதண்டைச் சுற்றி இறுகிக் காய்ந்துவிட்டால், மோட்டாரைக் கழற்றித் தண்டை வெளியே இழுத்துக் குழாயைச் சுரண்டியெடுக்காமல் அடுப்பு மீண்டும் எரியாது.

ஆகவே ஸ்மோக்கரை விற்றுவிட்டுப் பெல்லட் கிரில் வாங்குவோர், காற்றுத் துளைகளைத் திறந்து மூடுவதற்கு மேல் எந்த இயக்கமும் தேவைப்படாத உருண்டைக் கரி கிரில் ஒன்றையாவது விட்டுவைப்பதே விவேகம். அதையும் திறந்த வெளியிலேயே பயன்படுத்த வேண்டும். 2021 குளிரில் வீட்டுக்குள் கரி மூட்டியவர்களில் சிலர், மணமும் நிறமுமற்ற கார்பன் மோனாக்சைடு நச்சுவாயுவுக்கு ஆளானார்கள்.