கம்பெனிக்காரர் விற்றால் நாமும் விற்கலாமா?

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கரூரிலிருந்து என் தந்தையார் தொலைபேசியில் அழைத்தார். நலம் விசாரிக்கும் வழக்கம் அன்று தவறிற்று. "தம்பி, நாம் பங்கு வாங்கியிருக்கிறோமே, அந்தக் கம்பெனியின் பெரிய அதிகாரியே தம் பங்கை விற்றுவிட்டாராம். பேப்பரில் போட்டிருக்கிறான். வீட்டுக்காரனே மூட்டை கட்டுகிறான், குடியிருப்பவனுக்கு என்ன வேலை?" என்றார். அது அவர் ஓய்வுபெற்றபோது கைக்கு வந்த பணம். எனவே பௌதிகப் புத்தகத்தை மூடிவிட்டுப் பங்குக் கணக்கைப் படிக்கத் தொடங்கினேன். படித்ததை நம் மன்றத்து அன்பர்களுக்கும் சொல்லலாம் என்று தோன்றிற்று. நம்மில் பலர் நாளை ஹிஞ்சவடிக்குப் போய், சம்பளத்தோடு பங்கும் பெறப் போகிறவர்கள் அல்லவா?

கம்பெனிக்கு உள்ளே இருப்பவர் தம் பங்கை விற்பது குற்றமாகாது. ஊருக்குத் தெரியாத செய்தியை மடியில் கட்டிக்கொண்டு விற்பதுதான் குற்றம். பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி வாரியம் 2015இல் இதற்கு விரிவான விதிகளை வகுத்தது. காலாண்டு முடிந்த நாள் முதல், கணக்கு வெளியாகி 48 மணி நேரம் ஆகும்வரை உயர் அதிகாரிகள் வாங்கவோ விற்கவோ கூடாது. ஒரு காலாண்டில் 10 லட்சம் ரூபாய்க்கு மேல் விற்றால், சில நாட்களுக்குள் அச்செய்தி பங்குச் சந்தையின் இணையத்தளத்தில் வெளிவந்தாக வேண்டும். அப்பா பத்திரிகையில் கண்டது இப்படி முறைப்படி வெளியான செய்திதான்.

விற்பவர் ஏன் விற்கிறார்? பாணேரில் என்னோடு ஒரே அறையில் இருக்கும் அண்ணன் ஒருவர் தம் கம்பெனி கொடுத்த பங்குகளை வைகாசியில் விற்றார். கம்பெனி நன்றாகத்தான் நடக்கிறது. தங்கைக்குத் திருமணம், அவ்வளவே! வீடு வாங்க, வரி கட்ட, எல்லா முட்டையையும் ஒரே கூடையில் வைக்காதிருக்க என்று எத்தனையோ காரணங்கள் உண்டு.

இதே புனேயில் 1981இல் பிறந்த இன்போசிஸ் கம்பெனியை எடுத்துக்கொள்வோம். 2014 டிசம்பர் 8ஆம் நாள், நாராயண மூர்த்தி, நந்தன் நிலேகனி உள்ளிட்ட நான்கு நிறுவனர் குடும்பங்கள் ஏறக்குறைய 6,484 கோடி ரூபாய்ப் பங்குகளை விற்றன. அன்று ஒரே நாளில் விலை ஏறத்தாழ 5 விழுக்காடு இறங்கிற்று. ஆனால் விற்றவர்கள் நிர்வாகப் பொறுப்பிலிருந்து முன்பே விலகியவர்கள், விற்றதும் பகிரங்கமாக, விற்ற பிறகும் அவர்களிடம் பங்குகள் மிஞ்சின. கம்பெனியோ தொடர்ந்து வளர்ந்தது. அன்று பதறி விற்றவர் நட்டப்பட்டதுதான் மிச்சம்.

சத்யம் கதை வேறு. ஐதராபாத்தின் அந்தக் கம்பெனியில் 2001இல் ராமலிங்க ராஜு குடும்பத்தாரிடம் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு இருந்தது. ஓசைப்படாமல் தேய்ந்து தேய்ந்து 2008இல் அது 9 விழுக்காட்டுக்கும் கீழே வந்துவிட்டது. யாரிடம் எத்தனை பங்கு என்னும் பட்டியல் காலாண்டுதோறும் வெளியாகிக்கொண்டுதான் இருந்தது. கூட்டிப் பார்த்தவர்கள் குறைவு! மிஞ்சியதிலும் பெரும்பகுதி கடனுக்கு அடகில் இருந்தது. அடகை வெளியிட வேண்டும் என்ற விதி அக்காலத்தில் இல்லை. 2009 ஜனவரி 7ஆம் நாள், கணக்கில் காட்டிய ரொக்கத்தில் 5,040 கோடி ரூபாய் பொய் என்று ராஜுவே கடிதம் எழுதினார். 179 ரூபாய் அளவில் இருந்த பங்கு அன்று மாலை 40 ரூபாய்க்கு வந்தது. அதன் பிறகே அடகை வெளியிடும் விதி பிறந்தது. உள்தகவலை வைத்துப் பங்கு விற்றதாக 2014இல் செபி உத்தரவிட்டது. மேல்முறையீடுகளில் அந்த உத்தரவு பின்னர் திருத்தப்பட்டது. மூழ்கிய சத்யத்தை 2009இல் வாங்கிக் கரையேற்றியது நம் புனேயிலிருந்து இயங்கிய டெக் மகிந்திரா.

எங்கள் ஆய்வுக்கூடத்தில் ஒரே ஓர் அளவீட்டை வைத்து முடிவு எழுதினால் பேராசிரியர் நோட்டைத் திருப்பி எறிவார். விற்பனைச் செய்தியும் ஒற்றை அளவீடுதான். விற்றது யார், அவர் கையிருப்பில் எவ்வளவு, ஒருவரா பலரா, அடகு ஏறுகிறதா என்று நான்கைந்தைச் சேர்த்துப் பார்த்தால்தான் கோடு தெரியும்.

அன்றிரவு நானும் அப்பாவும் ஆளுக்கொரு முனையில் உட்கார்ந்து பங்குச் சந்தைத் தளத்தைப் புரட்டினோம். அந்த அதிகாரி விற்றது தம் கையிருப்பில் இருபதில் ஒரு பங்கே. "அப்பாடா" என்றார் அப்பா. ஆனால் அதே பட்டியலின் மற்றொரு பத்தியில், நிறுவனர் குடும்பத்தின் அடகு ஓராண்டில் 12 விழுக்காட்டிலிருந்து 41 ஆகியிருந்தது! அதைப் பற்றிப் பத்திரிகையில் ஒரு வரியும் இல்லை.

மறுநாள் அப்பா பாதியை விற்றார். மீதிப் பாதிக்கு எங்களுக்குள் வழக்கு இன்னும் நடக்கிறது. அடுத்த காலாண்டுப் பட்டியல் வரட்டும் என்கிறார் அவர்.