வெளியூரில் படிக்கும் பிள்ளையின் மதிய உணவு

கும்பகோணம் சாரங்கபாணி சந்நிதித் தெருவில் வளர்ந்த கணிதமேதை இராமானுஜன், 1914-ஆம் ஆண்டு மார்ச் மாதம் இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். கடல் கடப்பதற்கு இசையாதிருந்த தாயார் கோமளத்தம்மாள், நாமக்கல் நாமகிரித் தாயாரின் ஆணை கனவில் கிடைத்த பின்னரே விடைகொடுத்தார் என்பர். கேம்பிரிட்ஜின் டிரினிட்டி கல்லூரியில் அவர் பொது உணவுக்கூடத்தை நாடவில்லை. புலால் கலவாத உணவை வேண்டித் தம் அறையிலேயே தாமே சமைத்துண்டார். ஒருநாள் நண்பர் மகலனோபிஸ் பத்திரிகையில் வந்த கணக்குப் புதிர் ஒன்றை வாசிக்க, அடுப்பில் காய்கறியைக் கிளறியவாறே இராமானுஜன் விடை சொன்னார்.

கேட்க இனிமையான செய்திதான். ஆயினும் அந்த அடுப்பு வேளை தவறாமல் எரியவில்லை. கணக்கில் ஆழ்ந்துவிட்டால் ஊணும் உறக்கமும் மறந்துபோகும். உலகப்போரினால் பண்டங்களுக்கும் தட்டுப்பாடு. 1917-இல் நோயுற்றார், 1919-இல் தாயகம் திரும்பினார், மறு ஆண்டு ஏப்ரல் 26-ஆம் நாள், 32 வயதில் மறைந்தார். நோயின் காரணத்தை மருத்துவ அறிஞர்கள் இன்றும் பலவாறாகக் கூறுவர். மரக்கறி உணவின்மேல் பழி சுமத்துதல் நியாயமன்று. 1888-இல் இலண்டனுக்குப் படிக்கச் சென்ற காந்தியடிகளும் அன்னைக்குக் கொடுத்த வாக்கின்படிப் புலாலைத் தொடவில்லை. முதலில் அரைவயிற்றோடு வாடியவர், பாரிங்டன் தெருவில் மரக்கறி உணவகம் ஒன்றைக் கண்ட பிறகே வயிறார உண்டார்.

நம் பேரப்பிள்ளைகளிடம் தொலைபேசியில் நாம் முதலில் வினவுவது, "அசைவம் எதுவும் தொடவில்லையே?" என்பதே. "இன்று மதியம் என்ன சாப்பிட்டாய்?" என்று கேட்பவர் சிலரே. காலையில் வகுப்புக்கு ஓட்டம். நண்பகலில் ஒரு தேநீரும் சமோசாவும். விரதம் கெடவில்லை, உடல் கெடுகிறது.

பெருமாள் சந்நிதியில் நாம் கைநீட்டிப் பெறும் பிரசாதங்களே நல்ல மதிய உணவுக்கு வழிகாட்டும். இரவில் ஊறவைத்த கொண்டைக்கடலையைக் காலையில் வேகவைத்துத் தாளித்தால் சுண்டல், புரதத்திற்குக் குறைவில்லை. அதன்மேல் எலுமிச்சை பிழிந்தால் கடலையிலுள்ள இரும்புச்சத்து உடலில் நன்கு சேரும். சிறிய மின்குக்கரில் அரிசி, பாசிப்பருப்பு, கீரை மூன்றையும் ஒன்றாக வேகவிடலாம். புளிக்காய்ச்சலும் பருப்புப்பொடியும் நம் கையால் செய்து அனுப்பத் தக்கவை. ஆனால் புளியோதரை மட்டும் நாள்தோறும் உண்டால் போதாது. காயும் பருப்பும் உடன் வேண்டும். பி12 என்னும் உயிர்ச்சத்து தாவர உணவில் இயல்பாகக் கிடைப்பதில்லை. பாலிலும் தயிரிலும் உண்டு. அவற்றையும் தவிர்க்கும் பிள்ளைகள் மருத்துவரைக் கலந்து மாத்திரை உட்கொள்வது அவசியம்.

தயிர்சாதம் நண்பகலுக்குள் புளித்துவிடுகிறது என்று பல பிள்ளைகள் கைவிட்டுவிடுகின்றனர். குழைந்த சாதத்தில் காய்ச்சிய பாலை நிறைய ஊற்றி, இளஞ்சூட்டில் ஒரு கரண்டித் தயிர் மட்டும் கலந்து டப்பாவை மூடச் சொல்லுங்கள். உண்ணும் நேரத்தில் பதமாக உறைந்திருக்கும். இதை எந்தக் கல்லூரியிலும் கற்றுத்தருவதில்லை. இன்றிரவு அழைக்கும்போது நீங்களே சொல்லிக்கொடுங்கள்.